ரெண்டு ராத்திரி சென்னை: தொடக்கப் பள்ளிக் குழந்தைகளைத் தலைநகருக்குக் கூட்டிட்டுப் போக என்னவெல்லாம் வேணும்?

கோயமுத்தூர் பக்கம் தொடக்கப் பள்ளிச் சுற்றுலான்னா அதுக்கு ஒரு பழகின வடிவம் இருக்கு. விடியக்காலை அஞ்சு மணிக்குப் பள்ளிக்கூட வாசல்ல வேன் வந்து நிக்கும். ஊட்டி, மலம்புழா, மேட்டுப்பாளையம் பிளாக் தண்டர், இல்லைன்னா ஊருக்குள்ளேயே காஸ் வன அருங்காட்சியகம், மண்டல அறிவியல் மையம். ராத்திரி எட்டு ஒன்பது மணிக்குள்ள குழந்தைகள் வீட்டுக்கு வந்துடுவாங்க. கட்டுச்சோறு, வாந்திக்கு ஒரு பிளாஸ்டிக் கவர், அவ்வளவுதான் ஏற்பாடு.

சென்னை இந்த வடிவத்துக்குள் அடங்காது. கோவையில் இருந்து ரயிலில் ஏறக்குறைய 500 கிலோமீட்டர். ஒரே நாளில் போய்ப் பார்த்துத் திரும்ப முடியாது. எங்கேயாவது தங்கியாகணும். அந்த ஒரு காரணத்தாலேயே ஒன்பது பத்து வயதுக் குழந்தைகளுக்கு, அதிலும் அரசுத் தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்கு, தலைநகரம் பெரும்பாலும் பாடப் புத்தகத்தில் ஒரு படமாகவே நின்று போகிறது.

இதைப் பற்றிப் படித்துக் குறிப்பெடுக்க ஆரம்பித்தபோது, பிரச்சினை சென்னை இல்லை, ராத்திரிதான் என்பது தெளிவாச்சு. பெற்றோருக்குப் பயம் ராத்திரியைப் பற்றி. செலவு ஏறுவதும் ராத்திரியால். ஆசிரியர்கள் தயங்குவதும் அதனால்தான். ஒரு குழந்தை இந்தப் பயணத்தில் புதிதாகக் கற்றுக்கொள்வதில் பாதியும் அந்த ராத்திரியில்தான் இருக்கு. அதனால ராத்திரியை மையமா வைத்தே இதைப் பிரித்துப் பார்க்கலாம்.

பஸ்ஸில் கழியும் ராத்திரி

தங்கும் செலவை மிச்சம் பிடிக்க எல்லாருக்கும் தெரிந்த வழி ஒண்ணு இருக்கு. சாயங்காலம் டூரிஸ்ட் பஸ்ஸில் ஏறி, ராத்திரி முழுக்க ஓட்டி, காலையில் சென்னையில் இறங்குவது. அன்றைக்கே சுற்றிவிட்டு மறுபடி ராத்திரி பஸ். ரெண்டு ராத்திரியும் ரோட்டிலேயே முடிஞ்சிரும், அறை வாடகை மிச்சம்.

இருக்கிற வழிகளிலேயே மோசமானது இதுதான். 2022 அக்டோபர் 5 ராத்திரி பதினொன்றரை மணி வாக்கில், எர்ணாகுளம் மாவட்டத்தில் இருந்து ஊட்டிக்குப் பள்ளி மாணவர்களை ஏற்றிக்கொண்டு வந்த டூரிஸ்ட் பஸ், பாலக்காடு மாவட்டம் வடக்கஞ்சேரி அருகே கேரள அரசுப் பேருந்தின் பின்னால் மோதியது. 5 மாணவர்கள், ஒரு ஆசிரியர், அரசுப் பேருந்துப் பயணிகள் 3 பேர் என மொத்தம் 9 பேர் இறந்தார்கள். அந்த அரசுப் பேருந்து கோயமுத்தூருக்கு வந்துகொண்டிருந்த வண்டி. நம்ம ஊர்க்காரர்கள் தினமும் போய் வருகிற ரோடு அது. பள்ளிச் சுற்றுலாவில் ராத்திரிப் பயணம் கூடாது என்ற விதியைக் கேரள அரசு அதற்குப் பிறகு மறுபடியும் அழுத்திச் சொன்னது.

சட்டம் எந்த மாநிலத்தில் எப்படி இருந்தாலும் கணக்கு எளிது. தூங்காத டிரைவர், தூங்குகிற குழந்தைகள், 500 கிலோமீட்டர் நெடுஞ்சாலை. விபத்தே நடக்காவிட்டாலும், பஸ்ஸில் கழுத்து மடங்கித் தூங்கின குழந்தை மறுநாள் அருங்காட்சியகத்தில் எதையும் பார்க்காது. தூண் ஓரமா உட்கார்ந்து தூங்கும்.

பகல் ரயில்

கொங்கு நாட்டுக்கு இதில் ஒரு வசதி உண்டு. சென்னையில் இருந்து மேற்கே போட்ட பாதை 1862-லேயே போத்தனூர் வழியாக பேப்பூர் வரை முடிந்துவிட்டது. அதே தடத்தில் இன்று இன்டர்சிட்டி எக்ஸ்பிரஸ் காலையில் கிளம்பி மதியம் சென்னை சென்ட்ரல் போகிறது. உட்கார்ந்து போகிற பெட்டிகள். திரும்பும்போதும் மதியத்துக்கு மேல் கிளம்பி ராத்திரி பத்து மணி வாக்கில் கோவை. ராத்திரி சேரன், நீலகிரி எக்ஸ்பிரஸ்கள் இருந்தாலும், பெர்த்தில் இருந்து விழுவது, அரைத் தூக்கத்தில் கதவுப் பக்கம் போவது போன்ற கவலைகள் பகல் வண்டியில் இல்லை.

பகல் ரயில் தானே ஒரு வகுப்பும்கூட. திருப்பூர் தாண்டி ஈரோட்டில் காவிரிப் பாலம். "நொய்யல் தண்ணி கடைசியில இதுலதான் கலக்குது" என்று அங்கேயே சொல்லிக் காட்டலாம். சேலத்தைச் சுற்றி மலைகள். ஜோலார்பேட்டைக்கு அப்புறம் வாணியம்பாடி, ஆம்பூர் வழியாகப் பாலாற்றுப் பகுதி, வருஷத்தில் பாதி நாள் வெறும் மணல். தண்ணி ஓடுகிற ஆறு, ஓடாத ஆறு ரெண்டையும் ஒரே நாளில் ஜன்னல் வழியா பார்த்த குழந்தைக்கு ஆறுகள் பற்றிய பாடம் வேற மாதிரி புரியும்.

கட்டண விஷயத்தில் ஆசிரியர்களே பலர் கவனிக்காத விவரங்கள் இவை:

- 2016 ஏப்ரல் 21 முதல், 5 வயது முடிந்து 12 வயது ஆகாத குழந்தைக்கு முன்பதிவுப் பெட்டியில் தனி இடம் வேண்டுமென்றால் முழுக் கட்டணம். "சின்னப் புள்ளைங்கதானே, அரை டிக்கெட்" என்று போடுகிற பட்ஜெட் இதனால்தான் தப்பாகிறது.
- கிராமப்புற அரசுப் பள்ளி மாணவர்களுக்குக் கல்விச் சுற்றுலாவுக்கு வருஷத்தில் ஒரு முறை, இரண்டாம் வகுப்பில் 75 சதவீதச் சலுகை உண்டு. மற்ற மாணவர்களுக்குக் கல்விச் சுற்றுலாவுக்கு 50 சதவீதம், பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு 75 சதவீதம். 2020-ல் மூத்த குடிமக்கள் சலுகை நிறுத்தப்பட்டபோதும் மாணவர் சலுகை நீடித்தது.
- தலைமை ஆசிரியரின் சான்றிதழோடு முன்பதிவுக் கவுண்டரில்தான் கேட்கணும். ஒரு படிவத்தில் 6 பேர்தான் எழுத முடியும் என்பதால், முப்பது பேர் என்றால் முன்கூட்டியே நிலைய அதிகாரியிடம் பட்டியல் கொடுத்துப் பேசிவிடுவது நல்லது.
- வந்தே பாரத் சீக்கிரம் போகும். ஆனால் இந்தச் சலுகைகள் அதில் செல்லாது.

ஜப்பான்காரர்கள் இதை எப்படிச் செய்கிறார்கள்

தொடக்கப் பள்ளிக் குழந்தைகளை வெளியூரில் தங்க வைப்பது பணக்காரப் பள்ளிகளின் ஆடம்பரம்னு நம்மில் பலர் நினைக்கிறோம். ஜப்பானில் இது எல்லாப் பிள்ளைகளுக்குமான பாடம். அங்கே இதற்கு 'ஷூகாகு ரியோகோ' என்று பெயர். 1886-ல் டோக்கியோ ஆசிரியர் பயிற்சிப் பள்ளி மாணவர்கள் சிபா கடற்கரைப் பக்கம் 11 நாள் நடைப்பயணம் போனதை இதன் தொடக்கமாகச் சொல்வார்கள். இன்று தொடக்கப் பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் வகுப்பில் பொதுவாக ஒரு ராத்திரி, ரெண்டு பகல். மேல் வகுப்புகளில் நாள் கூடும். கூட்டாக வெளியில் தங்குவது அவர்களுடைய தேசியப் பாடத்திட்டத்திலேயே ஒரு அங்கம். 1959-ல் டோக்கியோவுக்கும் கியோட்டோ பகுதிக்கும் இடையே பள்ளிச் சுற்றுலாவுக்கென்றே தனி ரயில்கள் விட்டார்கள்.

அங்கேயும் பெரிய விலை கொடுத்திருக்கிறார்கள். 1955 மே 11, பனிமூட்டத்தில் 'ஷியுன் மாரு' என்ற பயணிக் கப்பல் இன்னொரு கப்பலோடு மோதி மூழ்கி 168 பேர் இறந்தார்கள். அதில் சுமார் நூறு பேர் சுற்றுலா வந்த பள்ளிப் பிள்ளைகள். அதற்குப் பிறகு ஜப்பான் சுற்றுலாவை நிறுத்தவில்லை. பள்ளிகளில் நீச்சல் குளங்கள் பரவின. அந்தக் கடல் வழிக்குப் பாலம் வேண்டும் என்ற கோரிக்கை வலுத்து, 1988-ல் செத்தோ பெரும்பாலம் திறக்கப்பட்டது.

நம்ம பக்கமும் தண்ணீர் பிள்ளைகளைக் கொண்டு போயிருக்கு. 2007 பிப்ரவரியில் கேரளத்தின் தட்டேக்காட்டில் படகு மூழ்கி 15 மாணவர்களும் 3 ஆசிரியர்களும் இறந்தார்கள். 2024 ஜனவரியில் வடோதராவின் ஹர்ணி ஏரியில் 12 மாணவர்களும் 2 ஆசிரியர்களும். ஒவ்வொரு முறையும் "இனிமே டூரே வேண்டாம்" என்ற பேச்சு கொஞ்ச நாள் ஓடும், அப்புறம் பழையபடி போகும். எழுதி வைத்த விதி ஒண்ணு போதும்: இந்த வயதுக் குழந்தைகளுக்குப் படகு கிடையாது, மெரினாவில் காலுக்கு மேல் தண்ணீர் கிடையாது. மெரினாவில் அடிநீரோட்டம் பலம். அங்கே குளிக்கவே போலீஸ் தடை இருக்கு.

ஜப்பான் பள்ளிகளிடம் இருந்து கடன் வாங்க வேண்டிய பழக்கங்கள் ரெண்டு. ஒண்ணு, ஆசிரியர்கள் முன்னாடியே ஒரு தடவை போய்த் தங்குமிடம், கழிப்பறை, ரோடு கடக்கும் இடம் எல்லாவற்றையும் பார்த்து வருவது. இன்னொண்ணு, பயணக் கையேட்டைக் குழந்தைகளே எழுதிப் படம் வரைந்து தயார் செய்வது. எத்தனை மணிக்கு எங்கே, யார் எந்தக் குழு, பையில் என்னென்ன என்பதைத் தானே எழுதின குழந்தைக்குப் பாதி பயம் போயிரும்.

"ராத்திரி எங்கீங்க படுக்க வெப்பீங்க?"

பெற்றோர் கூட்டத்தில் முதல் கேள்வி இதுவாத்தான் இருக்கும். "ஏனுங்க டீச்சர், எங்க புள்ளைய இதுவரைக்கும் தனியா உட்டதே இல்லீங்க." இது நியாயமான கேள்வி. "ஒண்ணும் ஆகாதுங்க" என்பது அதற்குப் பதில் ஆகாது.

வீட்டு ஏக்கம் பற்றி ரொம்ப வருஷம் ஆராய்ந்தவர் அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்டோபர் தர்பர். கோடைக்கால முகாம்களுக்குப் போகும் குழந்தைகளை வைத்து அவர் சொல்வதன் சுருக்கம்: வெளியில் தங்கும் குழந்தைகளில் பெரும்பாலோருக்குக் கொஞ்சமாவது வீட்டு ஏக்கம் வரும், அது இயல்பு. இதற்கு முன் வெளியில் தங்கிப் பழகாத குழந்தைக்குத்தான் அது கடுமையாக வர வாய்ப்பு அதிகம். அதனால் முன்கூட்டியே பழக்கலாம்.

நமக்கு இதற்கு வீட்டு வழியே இருக்கு. அம்மிச்சி வீட்டுக்கு நோம்பிக்குப் போய், அம்மா இல்லாமல் ரெண்டு நாள் இருந்து வரும் குழந்தை பாதிப் பயிற்சி எடுத்தாச்சு. அந்த வாய்ப்பில்லாத குழந்தைகளுக்காகப் பயணத்துக்கு ஒரு மாசம் முன்னாடி பள்ளிக்கூடத்திலேயே ஒரு ராத்திரி வைக்கலாம். சாயங்காலம் பாயும் போர்வையும் கொண்டு வரட்டும், சேர்ந்து சாப்பிடட்டும், கதை கேட்டுத் தூங்கட்டும். அழுகிற குழந்தையின் வீடு அடுத்த தெருவில்தான் இருக்கும். யார் ராத்திரி எழுந்து நடக்கிறது, யாருக்கு இருட்டு பயம், யாருக்கு வீசிங் என்பதெல்லாம் ஆசிரியருக்கும் அன்றைக்கே தெரிஞ்சிரும்.

தர்பர் பெற்றோருக்குச் சொல்லும் இன்னொரு அறிவுரை நம்ம வீடுகளில் அப்படியே தலைகீழா நடக்கும். "அழுகை வந்தா போன் பண்ணு சாமி, அப்பா உடனே வந்து கூட்டிட்டு வந்தர்றேன்" என்போம். இப்படி வாக்குக் கொடுத்தால் குழந்தை முதல் ராத்திரியே அந்தக் காருக்காகக் காத்திருக்க ஆரம்பிக்கும். சமாளித்துப் பார்க்காது. அதற்குப் பதிலா, "வீட்டு ஞாபகம் வரும், எல்லாருக்கும் வரும், அப்ப டீச்சர்கிட்டச் சொல்லு, பக்கத்துல படுத்திருக்கற பிள்ளைகிட்டப் பேசு" என்று சொல்லி அனுப்பணும்.

யாரும் வாய் திறந்து கேட்காத இன்னொரு பயம், படுக்கையில் ஒண்ணுக்குப் போவது. ஏழு வயதில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துக் குழந்தைகளுக்கு இது உண்டு, பத்து வயதில் குறையும். ஆக, முப்பது பேர் வகுப்பில் ஒன்றிரண்டு பேர் இருப்பது சகஜம். "எம்புள்ள வரலீங்க" என்று காரணம் சொல்லாமல் மறுக்கும் சில அம்மாக்களின் காரணம் இதுவாகவே இருக்கலாம். கூட்டத்தில் கேட்காமல், எல்லாப் பெற்றோரிடமும் தனித்தனியாக ஒரு தாளில் உடல்நலக் குறிப்பு எழுதி வாங்கினால் இது வெளியே வரும். எல்லாருக்கும் பாய்க்கு அடியில் ரப்பர் ஷீட், எல்லாரையும் பத்தரை மணிக்கு ஒரு தடவை எழுப்புவது, கழிப்பறை விளக்கை விடிய விடிய எரிய விடுவது. எல்லாருக்கும் ஒரே மாதிரி செய்யும்போது எந்தக் குழந்தையும் தனியாகத் தெரியாது.

யார் கூடப் போவது?

கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பள்ளியில் 30 குழந்தைக்கு ஒரு ஆசிரியர். கிராமத்துப் பள்ளிகளில் பல ஈராசிரியர் பள்ளிகள். ரெண்டு பேரும் சென்னைக்குப் போனால் பள்ளிக்கூடத்தைப் பூட்டணும், ஒருத்தர் மட்டும் போனால் பாதுகாப்பு இல்லை. அரசுத் தொடக்கப் பள்ளிகள் வெளியூர்ச் சுற்றுலாவுக்கே போகாததற்கு, பணத்துக்கு அடுத்தபடியான காரணம் இது.

இதற்கு வழி அதே சட்டத்தில் இருக்கு. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அந்த அம்மாக்களில் நாலைந்து பேரைக் கூட அழைத்துப் போகலாம். அஞ்சாறு குழந்தைக்கு ஒரு பெரியவர் என்று வந்துவிடும். எந்தப் பெரியவரும் ஒரு குழந்தையோடு மூடின அறையில் தனியாக இருக்கக் கூடாது என்பது முதல் விதி. போக்ஸோ சட்டம் என்ன சொல்கிறது என்பதை வருகிற எல்லாப் பெரியவர்களுக்கும் முன்னாடியே விளக்கிடணும். ஐந்தாம் வகுப்புப் பெண் பிள்ளைகளில் யாருக்காவது அந்த ரெண்டு நாளில் முதல் மாதவிலக்கு வரலாம் என்பதால், பெண் ஆசிரியரின் பையில் நாப்கினும் மாற்றுத் துணியும் இருக்கட்டும்.

கிழமைக் கணக்கும் கைகொடுக்கும். சனி காலை கிளம்பித் திங்கள் ராத்திரி திரும்பினால் ஒரே ஒரு பள்ளி நாள்தான் போகும். ஜனவரிக் கடைசி, பிப்ரவரி நல்ல பருவம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை சென்னையில் மழை, ஏப்ரலுக்கு அப்புறம் வெயில்.

தலைநகரில் எதைப் பார்ப்பது?

பொதுவா பத்து இடத்தைப் பட்டியல் போட்டு ஓடுவோம். ரெண்டு நாளைக்கு நாலு இடம் போதும்.

சனி சாயங்காலம் கடல். கொங்கு நாட்டுக் குழந்தைகளில் பலருக்கு இதுதான் முதல் கடலா இருக்கும். ஒரு மணி நேரம் சும்மா விடணும், குறிப்பெடுக்கச் சொல்லக் கூடாது. மெரினாவில் மாற்றுத்திறனாளிகளுக்கான மரப்பாதை 2022-ல் திறக்கப்பட்டது. சக்கர நாற்காலியில் இருக்கும் குழந்தையை "அவனால முடியாது" என்று விட்டுவிட்டுப் போகக் காரணம் இல்லை.

ஞாயிறு காலை எழும்பூர் அருங்காட்சியகம். 1851-ல் தொடங்கியது, வெள்ளிக்கிழமை விடுமுறை. திமிங்கல எலும்புக்கூட்டைப் பார்த்துவிட்டுக் குழந்தைகள் நகரவே மாட்டார்கள். கோவை வட்டாரத்தில் மண்ணுக்குள் கிடைத்த ரோமானிய நாணயங்கள் இந்த அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கு. நம்ம ஊர்க் காட்டில் கிடைத்தது எப்படி இங்கே வந்தது, ரோமில் இருந்து நம்ம ஊருக்கு எப்படி வந்தது என்ற ரெண்டு கேள்வியும் நாலாம் வகுப்புக் குழந்தைக்குப் புரியும். மத்தியானம் கட்டாய ஓய்வு. சாயங்காலம் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகள் பிரிவு.

திங்கள் காலை புனித ஜார்ஜ் கோட்டை. 1640-களில் எழுந்த கோட்டைக்குள் இன்று சட்டமன்றமும் தலைமைச் செயலகமும் இருக்கின்றன. "காலையில பள்ளிக்கூடத்துல சாப்படறீங்களே, அந்தத் திட்டத்தை எல்லாப் பள்ளிக்கும் கொண்டு போற முடிவெல்லாம் இங்கதான் எடுப்பாங்க" என்று ஒரு வாக்கியம் போதும். தலைநகரம் என்ற சொல்லுக்கு அர்த்தம் அங்கேயே கிடைச்சிரும். தலைநகரத்துக்கே ஏன் போகணும் என்பதற்கும் என்னிடம் இருக்கும் பதில் இதுதான்.

சின்ன விஷயம் ஒண்ணு: சிறுவாணித் தண்ணி குடித்து வளர்ந்த குழந்தைகளுக்குச் சென்னைத் தண்ணீர் ருசி பிடிக்காது. "வேண்டாம்" என்று குடிக்காமலே இருந்து மயங்கிவிடும். மணிக்கொரு தடவை எல்லாரையும் நிறுத்திக் குடிக்க வைக்கணும்.

இதனால் என்ன கிடைக்கும், யாருக்குக் கிடைக்கும்?

அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் 2011-ல் கிரிஸ்டல் பிரிட்ஜஸ் என்ற ஓவிய அருங்காட்சியகம் திறந்தபோது, இடம் இருந்ததைவிட அதிகமான பள்ளிகள் விண்ணப்பித்தன. ஜே கிரீன், பிரையன் கிசிடா, டேனியல் போவன் என்ற ஆய்வாளர்கள் குலுக்கல் முறையில் தேர்வு நடக்கச் செய்து, போன பிள்ளைகளையும் போகாத பிள்ளைகளையும் ஒப்பிட்டார்கள். 123 பள்ளிகள், கிட்டத்தட்ட 11,000 மாணவர்கள். போய் வந்தவர்கள் பல வாரம் கழித்தும் ஓவியங்களின் பின்னணியை நினைவில் வைத்திருந்தார்கள், புதிய ஓவியத்தைக் கூர்ந்து பார்த்து எழுதினார்கள். கிராமப்புற, ஏழைப் பள்ளிப் பிள்ளைகளிடம் இந்தப் பலன் மற்றவர்களைவிட ரெண்டு மூன்று மடங்கு வரை இருந்தது. அது ஒரு பகல் பயணம்தான், தங்கும் பயணம் இல்லை. ஆனாலும் யாரை முதலில் கூட்டிட்டுப் போகணும் என்பதற்கு அது நல்ல வழிகாட்டி.

நம்ம ஊரில் வெளியூர்ப் பயணம் பெரும்பாலும் பரிசாத்தான் கிடைக்குது. 2022-ல் போட்டிகளில் வென்ற அரசுப் பள்ளி மாணவர்களை அரசு ஐக்கிய அரபு அமீரகத்துக்கு அழைத்துப் போனது, பெரிய பிள்ளைகளுக்கு அது நல்ல ஊக்கம். தொடக்கப் பள்ளியில் அதே முறையை வைத்தால், ஏற்கெனவே வீட்டில் புத்தகமும் காரும் இருக்கிற குழந்தைதான் போகும். விசைத்தறிக் கொட்டகையிலும் பனியன் கம்பெனியிலும் வேலை பார்க்கிறவர்களின் குழந்தை கடைசிவரை பட்டியலில் வராது.

முழு வகுப்பும் போகும்போது வேறொன்றும் நடக்கும். திருப்பூர், அவிநாசிப் பக்கம் பல வகுப்புகளில் பீகார், ஒடிசாவில் இருந்து வந்த தொழிலாளர்களின் குழந்தைகள் இருக்காங்க. தமிழ்ப் பாடத்தில் தடுமாறுகிற அந்தக் குழந்தை ரெண்டு ராத்திரி ரயிலிலேயே கழித்து ஊர் வந்து சேர்ந்தது. ரயிலில் எப்படித் தூங்குவது, தட்டை எங்கே கழுவுவது எல்லாம் அதற்குத்தான் தெரியும். அந்த ஏழு மணி நேரத்துக்கு வகுப்பில் விவரம் தெரிந்த ஆள் அந்தக் குழந்தையாத்தான் இருக்கும்.

ஜனவரியில் போகணும்னா வேலை ஜூலையிலேயே ஆரம்பிக்கணும். முதலில் மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தீர்மானமும் கல்வித் துறை அனுமதியும். ஆகஸ்டில் ரெண்டு பேர் சென்னை போய்த் தங்குமிடம் பார்த்து வருவது. விடுமுறையில் காலியாக இருக்கும் சென்னைப் பள்ளி ஒன்றின் வகுப்பறைகளையும் கேட்டுப் பார்க்கலாம். முன்பதிவு திறந்ததும் சலுகைப் படிவத்தோடு கவுண்டருக்குப் போவது. டிசம்பரில் பள்ளிக்கூடத்தில் அந்த ஒரு ராத்திரி. பாய், போர்வை, ரப்பர் ஷீட் எல்லாம் அதற்குள் வாங்கி வைத்திருந்தால், அடுத்த வருஷ வகுப்புக்கும் அதுவே ஆகும்.